துருவத்தின் மேல் ஒன்று, திருநெல்வேலியின் மேல் வேறொன்று: செயற்கைக்கோளின் இரண்டு எலக்ட்ரான் உணரிகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: நாங்குநேரி வானலை

அனைவருக்கும் வணக்கம். நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் 2025இல் நிறுத்தப்படும் வரை 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்பிவந்த மேகப் படங்களை மொட்டைமாடி ஆன்டெனாவில் பிடித்துப் பார்த்த பழக்கத்தால், அவற்றில் வேறென்ன கருவிகள் இருந்தன என்று தேடத் தொடங்கினேன். அவற்றிலும் ஐரோப்பாவின் மெட்ஆப் செயற்கைக்கோள்களிலும், புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளின் எலக்ட்ரான்களை எண்ணும் கருவி ஒன்று இருப்பதை அப்படித்தான் அறிந்தேன். அதில் 0 பாகை என்றும் 90 பாகை என்றும் இரண்டு உணரிகள் உள்ளன. முன்னது வளிமண்டலத்தில் பொழியும் எலக்ட்ரான்களையும், பின்னது காந்தப்புலத்தில் சிறைப்பட்டுச் சுற்றும் எலக்ட்ரான்களையும் அளப்பதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு மூன்று ஐயங்கள். ஓர் எலக்ட்ரான் சிறைப்பட்டதா, பொழியப்போவதா என்பதை, அதை ஒரே ஒரு கணம் சந்திக்கும் உணரி எவ்வாறு கண்டுகொள்கிறது? அடுத்து, இந்தத் தரவை உலகப் படமாக வரைந்தால் இரு துருவங்களையும் சுற்றி வளையங்களும், பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக்கில் ஒரு பெரிய திட்டும் தெரிகின்றன. நம் தென்கோடியின் மேலோ ஏறக்குறைய வெறுமைதான். இது கருவியின் குறையா, இயற்கையே அப்படியா?

மூன்றாவது ஐயம் எங்கள் ஊருக்குப் பக்கத்து விஷயம். விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. இத்தகைய அலைகள் கதிர்வீச்சுப் பட்டையின் எலக்ட்ரான்களைக் கீழே தள்ளக்கூடும் என்று படித்தேன். அப்படியானால் அந்தக் கோபுரங்கள் எங்கள் தலைமேல் எலக்ட்ரான்களைப் பொழியவைக்கின்றனவா? இதை ஒருவர் சொல்ல, இன்னொருவர் கூட்டிச் சொல்ல, டீக்கடையில் கதை வளர்ந்துகொண்டே போவதால்தான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

பதில்: பாளை ஆசிரியர்

முதல் ஐயம்தான் மற்ற இரண்டுக்கும் வேர். உணரி எதையும் கண்டுகொள்வதில்லை. அது ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அத்திசையிலிருந்து வருவனவற்றை எண்ணுகிறது, அவ்வளவே. சிறைப்பட்டவை, பொழிபவை என்று பிரிப்பது நாம்தான். அதற்கு, செயற்கைக்கோள் அந்த நேரத்தில் இருக்கும் இடத்தில் காந்தப்புலத்தின் திசையும் வலிமையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டையில் அகப்பட்ட எலக்ட்ரானுக்கு மூன்று இயக்கங்கள் உண்டு. அது காந்தக்கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. சுழன்றபடியே கோட்டின் வழியாக வடக்கும் தெற்குமாகப் போய்த் திரும்புகிறது. இவற்றோடு கிழக்கு நோக்கி நகர்ந்து பூமியையே வலம் வருகிறது. புவியின் ஆரத்தைப் போல 4 மடங்கு தொலைவில், 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் இருக்கும் எலக்ட்ரான் ஒரு விநாடியில் சில ஆயிரம் முறை சுழலும். வடக்கு தெற்காக ஒருமுறை போய்வர அரை விநாடி போதும். பூமியைச் சுற்றிவரக் கால் மணி நேரம் போல ஆகும். கோட்டின் இரு முனைகளிலும் காந்தப்புலம் வலுப்பதால் எலக்ட்ரான் ஓரிடத்தில் நின்று திரும்புகிறது. எந்த உயரத்தில் திரும்பும் என்பது, அதன் பயணத் திசை காந்தக்கோட்டோடு உண்டாக்கும் பிட்ச் கோணத்தைப் பொறுத்தது. அந்தக் கோணம் மிகச் சிறியதானால், திரும்ப வேண்டிய இடம் 100 கிலோமீட்டருக்கும் கீழே காற்றுக்குள் அமைந்துவிடும். அங்கே போன எலக்ட்ரான் அணுக்களில் மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது. இப்படி இழக்கப்படும் கோணங்கள் சேர்ந்ததே இழப்புக் கூம்பு.

அந்தக் கூம்பின் அகலம் இடத்துக்கு இடம் வேறுபடுவதில்தான் அளவையின் சிக்கல் தொடங்குகிறது. நடுக்கோட்டுத் தளத்தில் 4 ஆரத் தொலைவில் அதன் அரைக்கோணம் ஏறத்தாழ 5 பாகை; 6 ஆரத் தொலைவில் 3 பாகைக்கும் சற்றுக் குறைவு. 2012 ஆகஸ்டு 30 அன்று ஏவப்பட்டு 2019 வரை பட்டைகளின் ஊடாகவே சுற்றிய வான் ஆலன் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சிறைப்பட்ட எலக்ட்ரான்களை மிக நுட்பமாக அளந்தன. ஆயினும் அவற்றின் உணரிகளுடைய பார்வை அகலத்துக்கு அந்தக் கூம்பு மிகக் குறுகியது. கூம்புக்குள் இருந்தவற்றைத் தனியே பிரித்துக் காட்ட அவற்றால் இயலவில்லை. அதே காந்தக்கோடுகளின் அடிப்பகுதியை 800 கிலோமீட்டர் உயரத்தில் வெட்டிச் செல்லும் செயற்கைக்கோளுக்கோ கூம்பு ஏறத்தாழ 60 பாகை வரை விரிந்து கிடக்கிறது. நம் பக்கத்து வழக்கில் சொன்னால், குளத்தில் நிற்கும் நீரை அளப்பது ஒரு வேலை, மறுகால் பாயும் நீரை அளப்பது வேறொரு வேலை. பின்னதற்குக் கலிங்கில் போய் நின்றாக வேண்டும்.

இனி அந்த இரண்டு உணரிகளுக்கு வருவோம். 0 பாகை உணரி பூமிக்கு நேர் எதிராக, மேல்நோக்கி இருக்கிறது. 90 பாகை உணரி அதற்குச் செங்குத்தாக, செயற்கைக்கோள் கடந்துவந்த வழியைப் பார்த்தபடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 30 பாகை அகலமுள்ள ஒரு கூம்பைப் பார்க்கிறது. துருவங்களை ஒட்டிய பகுதிகளில் காந்தக்கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மேலே பார்க்கும் உணரி கோட்டின் வழியே பொழிபவற்றையும், பக்கவாட்டில் பார்க்கும் உணரி பெரும்பாலும் சிறைப்பட்டவற்றையும் காண்கிறது. நீங்கள் படித்த விளக்கம் அங்கே சரி. திருநெல்வேலியின் மேல் நிலைமை தலைகீழ். காந்த நிலநடுக்கோடு நமக்கு மிக அருகில் செல்வதால் இங்கே காந்தக்கோடு வடக்கு தெற்காகத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஆகவே மேலே பார்க்கும் 0 பாகை உணரி இங்கே காந்தக்கோட்டுக்குச் செங்குத்தாகப் பார்க்கிறது. கிட்டத்தட்ட வடக்கு தெற்காகப் பறக்கும் செயற்கைக்கோளின் 90 பாகை உணரியோ கோட்டின் வழியாகவே பார்க்கிறது. 0 பாகை எண்ணிக்கையை உலகம் முழுவதற்கும் ஒரே வண்ணத்தில் வரைந்து, மேலே 'பொழிவு' என்று தலைப்பிட்டு வெளியிடுபவர்கள்மீது எனக்குச் சற்று எரிச்சல் உண்டு.

நம் தலைக்கு மேலுள்ள வெறுமை கருவியின் குறையன்று. நமக்கு நேர்மேலே 800 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது அந்தக் காந்தக்கோட்டின் உச்சி. அங்கிருந்து அது இருபுறமும் வளைந்து இறங்கி, வடக்கே வட இந்தியாவின் மேலும் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேலும் காற்றைத் தொட்டுவிடுகிறது. இவ்வளவு தாழ்ந்த கோட்டில் எலக்ட்ரானுக்கு நெடுங்காலம் தங்க இடமில்லை. அதைவிட வலுவான காரணம் இன்னொன்று. எலக்ட்ரான் எங்கே திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது உயரமன்று, காந்தப்புலத்தின் வலிமை. நம் பக்கத்தில் தரையில் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. தென் அட்லாண்டிக் பகுதியில் மிகக் குறைந்த இடத்தில் அது 22,000 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இங்கே 800 கிலோமீட்டர் உயரத்தில் திரும்பிப் பிழைத்த எலக்ட்ரான், கிழக்கே நகர்ந்து தென் அட்லாண்டிக்கை அடையும்போது, அதே வலிமையுள்ள புலத்தைத் தேடிக் காற்றுக்குள் இறங்கியாக வேண்டும். ஆகவே அது ஒரு சுற்றைக்கூட முடிப்பதில்லை. அங்கே திட்டு தெரிவதற்கும் இங்கே வெறுமையாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

பதில்: வள்ளியூரான்

மேலே உள்ள விளக்கத்துக்கு ஒரு சிறு சேர்க்கை. வெறுமை என்றதும், பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அப்படியானால் எதை அளக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே பதிவாகும் நடுக்கோட்டு மின்னோட்டம் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடுவது. அதைச் சுமக்கும் எலக்ட்ரான்களைச் சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்கேயே காற்றிலிருந்து பிரித்தெடுக்கின்றன. அவற்றின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மிகக் குறைவு. செயற்கைக்கோள் உணரி எண்ணத் தொடங்குவதே 30,000 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான். இரண்டுக்கும் பெயர் எலக்ட்ரான் என்பதைத் தவிர வேறு உறவு இங்கே இல்லை.

பதில்: ராதாபுரம் காற்றாலை

விஜயநாராயணத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக் குறியுடன் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த நிலையம் 1990இல் தொடங்கப்பட்டது. கடல்நீருக்குள் சிறிது ஆழம் வரை புகக்கூடிய அலைகள் இவை என்பதால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப இந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். டீக்கடைக் கதைக்கு ஓர் உண்மையான வேர் உண்டு. ஆனால் அந்த வேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் என்.டபிள்யு.சி. என்ற நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸில் 1 மெகாவாட் திறனுடன் இயங்குகிறது. 2004 ஜூன் 29 அன்று ஏவப்பட்ட பிரான்சின் டெமெட்டர் செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் 2010 இறுதி வரை பறந்தது. அதிலிருந்த எலக்ட்ரான் உணரி 70 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி 2 மெகாவுக்கு மேல் வரை, ஆற்றலை 256 படிகளாகப் பிரித்துக் காட்டக்கூடியது. நோவாவின் கருவி 30, 100, 300 கிலோவுக்கு மேல் என்று மூன்றே பிரிவுகளில் எண்ணுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது புரியும். அந்த நுட்பத்தால்தான், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இரவு நேரங்களில் 100 கிலோவிலிருந்து சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையில் ஒரு மெல்லிய கீற்று தெரியவந்தது. பூமியிலிருந்து தொலைவிலுள்ள காந்தக்கோடுகளுக்குப் போகப்போக அந்தக் கீற்றின் ஆற்றல் இறங்கிக்கொண்டே வந்தது.

இந்த இறக்கமே சாட்சி. அலையை எதிர்த்து ஓடும் எலக்ட்ரானுக்கு அலையின் அதிர்வெண் உயர்ந்து தோன்றும். அது எலக்ட்ரானின் சொந்தச் சுழற்சி அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது அலை அதைத் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தள்ள முடிகிறது, பிட்ச் கோணமும் மாறுகிறது. தொலைவிலுள்ள கோடுகளில் புலம் மெலிவதால் சுழற்சி அதிர்வெண் குறைகிறது. ஆகவே குறைந்த வேகமுள்ள எலக்ட்ரானே அங்கே அலைக்கு இசைந்துவிடுகிறது. நிலையான ஓர் அதிர்வெண் அல்லாமல் இயற்கையின் பரந்த இரைச்சல் இதைச் செய்திருந்தால் இவ்வளவு கூர்மையான கீற்று கிடைத்திருக்காது. இரவில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம், பகலில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி அலையின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வது. 2007 ஜூலையிலிருந்து 2008 ஜனவரி வரை அந்த நிலையம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த மாதங்களில் கீற்று மறைந்துபோனது. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: டெமெட்டர் கண்டவற்றில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்த எலக்ட்ரான்கள் அல்ல. அலை அவற்றைச் சிறிதளவு தள்ளியதால் அவற்றின் திரும்புமிடம் செயற்கைக்கோளின் உயரத்துக்கு இறங்கியிருந்தது, அவ்வளவே. அவை பசிபிக்கைக் கடந்து கிழக்கே நகர்ந்து தென் அட்லாண்டிக்கில்தான் காற்றுக்குள் விழுகின்றன. 200 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ளவை பூமியை முழுவதும் சுற்ற 2 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால், அந்தப் பயணத்துக்கே ஒரு மணி நேரம் போல ஆகிவிடும். ஆகவே சிறைப்பட்டவை, பொழிபவை என்ற இரண்டோடு, இன்னும் ஒரு சுற்றுக்குள் விழப்போகும் இந்த மூன்றாம் வகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாழ்வான சுற்றுப்பாதையில் பக்கவாட்டில் பார்க்கும் உணரி பல இடங்களில் எண்ணுவது இவற்றைத்தான்.

வி.டி.எக்ஸ். நிலையத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆஸ்திரேலிய நிலையத்தின் வழியே செல்லும் காந்தக்கோடு நடுக்கோட்டுத் தளத்தில் புவியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1.45 ஆரத் தொலைவு வரை எழுகிறது. உள் பட்டையை எட்ட அது போதும். விஜயநாராயணத்தின் மேல் கோடுகள் படுத்துக் கிடப்பதால் அலையை மேலே ஏற்றிச் செல்ல வழிகாட்டும் பாதை கிடையாது. அருகிலுள்ள தாழ்ந்த கோடுகளில் 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு இசைய வேண்டுமானால், புலம் அங்கே வலுவாக இருப்பதால், எலக்ட்ரானுக்கு 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். உள் பட்டையில் 0.9 மெகாவுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் ஏறக்குறைய இல்லை என்பதை வான் ஆலன் செயற்கைக்கோள்கள் தம் முதல் சில ஆண்டுகளிலேயே காட்டிவிட்டன. தள்ளுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் தள்ளும் கைக்கு வேலையில்லை.

ஊர்க்காரர்களின் அச்சத்துக்கு இதைவிட எளிய விடையும் உண்டு. துருவப் பகுதிகளில் உண்மையாகவே பொழியும் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கூட ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. 1 மெகா ஆற்றலுள்ளது 60 கிலோமீட்டர் பக்கம் நிற்கிறது. எந்த ஊரிலும் அவை தரையைத் தொடுவதில்லை. அவை எழுப்பும் எக்ஸ் கதிர்களைப் பிடிப்பதற்கே 2013, 2014ஆம் ஆண்டுகளில் அண்டார்க்டிகாவின் மேல் மிக உயரத்தில் பலூன்களைப் பறக்கவிட வேண்டியிருந்தது.

நாங்குநேரி வானலை

மூவருக்கும் மிக்க நன்றி. பாளை ஆசிரியர் அண்ணாச்சியிடம் இன்னொரு கேள்வி. காந்தக்கோடுகள் செங்குத்தாக இருக்கும் துருவப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 0 பாகை எண்ணிக்கையை 90 பாகை எண்ணிக்கையால் வகுத்தால், பொழிவின் பங்கு நேரடியாகக் கிடைத்துவிடுமா?

பதில்: பாளை ஆசிரியர்

கடும் காந்தப் புயலின்போது கிடைக்கலாம். அமைதியான நாளில் கிடைக்காது. அலைகள் எலக்ட்ரான்களை வலுவாகக் கலைக்கும்போது இழப்புக் கூம்பு முழுவதும் நிரம்பிவிடுகிறது, இரு உணரிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். கலைப்பு மெல்லியதாக இருந்தால் கூம்பின் விளிம்பில் மட்டுமே எலக்ட்ரான்கள் இருக்கும், நடுப்பகுதி காலியாகக் கிடக்கும். 60 பாகை அரைக்கோணமுள்ள கூம்பின் நடுவில் 15 பாகை வரை மட்டும் பார்க்கும் 0 பாகை உணரிக்கு அந்த விளிம்பு கண்ணிலேயே படாது. ஆகவே அமைதியான நாள்களில் அது பொழிவைக் குறைத்துக் காட்டும். அதிலிருந்து பொழிவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அதோடு கலப்படமும் உண்டு. எலக்ட்ரான் பிரிவுகளில் புரோட்டான்களும் எண்ணப்பட்டுவிடுகின்றன. தென் அட்லாண்டிக்கில் இது மிகுதி. நீங்கள் கண்ட அந்தப் பெரிய திட்டில் ஒரு பகுதி எலக்ட்ரானே அல்ல. இதற்கு நேர்மாறாக, 6.9 மெகாவுக்கு மேற்பட்ட புரோட்டான்களுக்காக வைத்த பிரிவு வேகமான எலக்ட்ரான்களுக்கும் எண்ணிக்கை காட்டுவதால், சூரியப் புரோட்டான் வெடிப்பு இல்லாத நாள்களில் அதையே எலக்ட்ரான் அளவையாகப் பயன்படுத்துகிறார்கள். பழைய கருவியின் குறையைப் பயனாக்கிய இந்த உத்தி எனக்குப் பிடித்தமானது. எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது என்பது இத்துறையின் பிறப்பிலேயே இருக்கிறது: 1958இல் எக்ஸ்புளோரர் 1 மேலே போனபோது கைகர் எண்ணி சில உயரங்களில் சுழியம் காட்டியது, அங்கே துகள்கள் இல்லாததால் அன்று, அளவுக்கு மீறி இருந்ததால் எண்ணி திணறிவிட்டதால்.

நீங்கள் கேட்கும் விகிதத்தை முறையாகத் தந்தவை கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக மாணவர்கள் உருவாக்கிய எல்ஃபின் இரட்டைச் சிறு செயற்கைக்கோள்கள். 2018 செப்டம்பர் 15 அன்று ஏவப்பட்ட அவை ஏறத்தாழ 450 கிலோமீட்டர் உயரத்தில், 3 விநாடிக்கு ஒருமுறை தம்மைத்தாமே சுற்றிக்கொண்டு பறந்தன. ஒரே உணரி ஒரே சுற்றில் சிறைப்பட்டவை, கூம்புக்குள் இறங்குபவை, காற்றில் பட்டுத் தெறித்து மேலே வருபவை என மூன்றையும் பார்த்துவிட்டதால், இரண்டு உணரிகளின் உணர்திறன் வேறுபாடு என்ற தொல்லையே அங்கில்லை. 2022இல் அவை வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துவிட்டன. ஆனால் 3 விநாடி என்பதும் சில நிகழ்வுகளுக்கு நீண்ட நேரம்தான்: 1992இல் ஏவப்பட்ட சாம்பெக்ஸ் செயற்கைக்கோள் விரிவாகப் பதிவுசெய்த நுண்வெடிப்புகள், அதாவது எலக்ட்ரான்கள் திடீரெனப் பொழியும் துடிப்புகள், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிப்பவை.

பதில்: ராதாபுரம் காற்றாலை

தரவை வரைந்து பார்க்க விரும்பினால் மெட்ஆப் தரவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் எண்ணிக்கையோடும் அந்த இடத்துப் பிட்ச் கோணத்தையும் சேர்த்து எடுத்து, உணரியின் பெயரைக் கொண்டு அல்லாமல் அந்தக் கோணத்தைக் கொண்டு பிரித்து வரையுங்கள். ரேடியோ பழக்கம் உள்ளவர் என்பதால், பொழிவின் விளைவைத் தரையிலிருந்து பார்க்கவும் ஒரு வழி சொல்கிறேன். ஜெர்மனியின் 23.4 கிலோஹெர்ட்ஸ் நிலையத்திலிருந்து நமக்கு வரும் அலையின் பாதை, அதன் வடக்கு முனையில், பட்டைகளின் அடியைத் தொடும் பகுதி வழியாக வருகிறது. அங்கே புயல் இரவுகளில் எலக்ட்ரான் பொழிந்தால் அலையின் வீச்சும் கட்டமும் மாறக்கூடும். கம்பிச்சுருள் ஆன்டெனாவும் கணினியின் ஒலி அட்டையும் போதும். ஆனால் விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் அட்டையில் 24 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை, ஆகவே 96,000 எடுக்கும் அட்டையை வாங்குங்கள். நாங்குநேரியில் இருந்துகொண்டு 18.2 கிலோஹெர்ட்ஸுக்குத் தடுப்பு வடிப்பி போடாமல் பெருக்கியை இணைத்தால் விஜயநாராயணத்தைத் தவிர வேறெதுவும் பதிவாகாது. முதலில் அதைச் செய்துவிட்டு, சுருளின் தளத்தை அந்த நிலையத்தின் திசைக்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள்.